பூட்டுப் போட்ட பாட்டு

பெங்களூர் பிரிகேட் ரோட்டில் சி.டி. வாங்குவது ஒரு காலத்தில் சனிக்கிழமை மாலைச் சடங்கு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கேட்பார்கள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கடைசியில் ஒன்றே ஒன்றை வாங்குவார்கள். மியூசிக் வேர்ல்ட் போன்ற பெரிய கடைகளுக்கு நடுவே சின்னக் கடைகள் பிழைத்தது கல்லாவில் இருப்பவரின் காதை நம்பித்தான். "இது உங்களுக்குப் பிடிக்கும் சார்" என்று அவர் எடுத்துக் கொடுத்தால், மறுபேச்சில்லாமல் பணம் வரும்.

2000களின் தொடக்கத்தில் இசைக் கம்பெனிகள் கை வைத்தது அந்த நம்பிக்கையில்தான். 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யின் வடிவமைப்பில் பூட்டு என்று எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் நகல் எடுப்பதைத் தடுக்க, வட்டிலேயே வேண்டுமென்று பிழைகளைப் புகுத்தினார்கள். கம்ப்யூட்டர் குழம்பியது. கூடவே சில கார் ஸ்டீரியோக்களும் டி.வி.டி. பிளேயர்களும் குழம்பின. சி.டி.யைக் கண்டுபிடித்த கம்பெனிகளில் ஒன்றான ஃபிலிப்ஸே, இத்தகைய வட்டுகள் சி.டி. முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

பூட்டின் வலிமையோ பரிதாபம். ஒரு வகைப் பூட்டு, வட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டதும் திறந்துகொண்டது. இன்னொன்றுக்கு ஷிஃப்ட் விசையை அழுத்தினாலே போதும் என்று 2003இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எழுதினார். பூட்டுத் தயாரித்த கம்பெனி வழக்குப் போடுவேன் என்று மிரட்டி, மறுநாளே பின்வாங்கியது.

கடைக்காரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். சில நூறு ரூபாய் கொடுத்து முறையாக வாங்கியவர், "கார்ல பாடலையே சார்" என்று திரும்பி வருகிறார். பிரித்த வட்டைக் கம்பெனி திரும்ப எடுக்காது. வாடிக்கையாளரின் முகம் கடைக்காரரைப் பார்த்துத்தான் சுளிக்கிறது. அதுவும் பெங்களூரில்! வந்து நிற்பவருக்குக் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. மெஜஸ்டிக் பக்கத்து நடைபாதையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் திருட்டு வட்டோ எந்தப் பெட்டியில் போட்டாலும் பாடுகிறது. நேர்மைக்குக் கிடைத்த தண்டனை என்பது வேறென்ன?

2005இல் விவகாரம் முற்றியது. சோனி பிஎம்ஜியின் சில வட்டுகள், விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருளை ஒளித்து வைப்பதை அக்டோபர் 31ஆம் தேதி மார்க் ருசினோவிச் அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தில் வைரஸ்களும் ஒளியலாம் என்பது தெரிந்ததும் கொதிப்பு கிளம்பியது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. 52 ஆல்பங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் சுமார் 21 லட்சம் வட்டுகள் விற்றிருந்தன. பாட்டுக் கேட்க வாங்கிய வட்டு வீட்டுக்குள் வேவு பார்க்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? 2007க்குள் பெரிய கம்பெனிகள் சி.டி. பூட்டைச் சத்தமில்லாமல் கைவிட்டன.

பூட்டால்தான் கடைகள் மூடின என்று சொல்ல முடியாது. எம்.பி.3யும் செல்போனும் அந்த வேலையைச் செய்தன. 2013இல் மியூசிக் வேர்ல்ட் கடையைக் கட்டியது. 2016இல் மும்பையின் புகழ்பெற்ற ரிதம் ஹவுஸும் போனது. ஆனால் தண்ணீர் கழுத்துக்கு வந்த நேரத்தில், கைகொடுக்க வேண்டியவர்களே கடைக்காரரின் தோளில் கல்லை ஏற்றினார்கள்.

பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இந்தியாவில் வந்தது 2012இல், பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் மூலம். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை. சி.டி. பூட்டு அதற்குள் வழக்கொழிந்திருந்தது.

இன்று மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிறோம். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். அன்று வாங்கிய பழைய சி.டி. அலமாரியில் இருக்கிறது, இன்னமும் பாடுகிறது. பூட்டு இல்லாத வட்டாக இருந்தால்.