சந்திக்காத இருவர்

ஹதீஸ் கலையை ஓதத் தொடங்கும் மாணவனுக்கு உஸ்தாதுகள் முதலில் கற்பிப்பது ஒன்றுண்டு. ஒரு செய்தி உன்னிடம் வந்தால் செய்தியை மட்டும் பாராதே. அது யார் யார் வாயிலாக வந்தது என்பதையும் பார். செய்தியின் வாசகம் ‘மத்ன்’. அது வந்த அறிவிப்பாளர் தொடர் ‘ஸனத்’. தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி வலுவிழந்துவிடும். இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவர்க்கு நான் சொல்லிவரும் பாடம் இது. ஆயினும், என் வீட்டில் ஒரு சிறு பெட்டி ஊமையாய் நின்றபோது இப்பாடத்தை நானே மறந்துபோனேன்.

என் வாப்பா மறைந்து முப்பது ஆண்டுகளாகின்றன. தக்கலையில் ரஜப் பிறை பதினான்கின் இரவில் பீர் முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவார்கள் அல்லவா? அக்கூட்டத்தில் வாப்பாவின் குரலும் ஆண்டுதோறும் கலந்திருக்கும். 1986ஆம் ஆண்டில், வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த டேப் ரிக்கார்டரின் முன் அமர்ந்து அப்பாடல்கள் சிலவற்றைப் பதிவு செய்தார்கள். மொத்தம் மூன்று கேசட்டுகள். நாடா தேய்ந்துவருவதைக் கண்டு அஞ்சி, அவற்றைக் கணினியில் ஏற்றி வைத்தேன். ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைக்கும் முறை அது. மனிதச் செவி கேட்கும் மேல் எல்லை வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதன் இருமடங்குக்குச் சற்று மேலாக அளந்தால், அவ்வெல்லைக்குள் அடங்கிய ஒலியை மீட்டெடுத்துவிடலாம் என்பது கணக்கு.

எழுதிய எண்ணை மீண்டும் ஒலியாக்க ஒரு கருவி வேண்டுமே! ஷார்ஜாவில் பணிபுரியும் என் மகன் அதை அனுப்பியிருந்தான். வீட்டு நெட்வொர்க் வழியாக எண்களைப் பெற்று, மின்னலையாக மாற்றி, ஆம்பிளிஃபயருக்குத் தரும் ஒலி மாற்றி. மாடியிலுள்ள கணினியின் இசை மென்பொருள் பாடலை அனுப்பினால், கீழே உம்மாவின் கட்டிலருகே ஸ்பீக்கர் பாட வேண்டும். உம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு, கண்ணொளி மங்கிவிட்டது. ரஜப் நெருங்கிக்கொண்டிருந்தது. “அவங்க பாடுனத இன்னொரு தடவை கேட்டாப் போதும்” என்றார்கள்.

பெட்டியை இணைத்தேன். மென்பொருளின் பட்டியலில் அதன் பெயரே வரவில்லை. பெட்டியை அணைத்து ஏற்றினேன். கணினியையும் அவ்வாறே செய்தேன். பயனில்லை. வியப்பு என்னவெனில், அதே பெட்டி இணைய வானொலியை அழகாகப் பாடியது. கீழே என் கைப்பேசியும் அதைக் கண்டுகொண்டது. கணினிக்கு மட்டும் அப்படியொரு பெட்டி உலகில் இல்லை!

மகனை அழைத்து, “நீ அனுப்புன பெட்டி பழுது” என்றேன்.

“வாப்பா, அது பாடுதுன்னு நீங்கதானே சொல்றீங்க? பொறவு எப்படி பழுதாகும்?” என்றான்.

மறுமொழி சொல்லாமல் பேச்சைத் துண்டித்தேன். படிப்பைப் பாதியில் விட்டு அவன் கடல் கடந்ததில் எனக்கொரு மனத்தாங்கல் இருந்தது. எங்கள் உரையாடல் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. உடல்நலம், மழை, அனுப்பிய பணம், அவ்வளவே.

அன்றிரவு இஷாவுக்குப் பின், மறுநாள் பாடத்திற்காக இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் முன்னுரையை விரித்தேன். ‘இன்னாரிடமிருந்து’ என்று மட்டும் கூறி ஒருவர் அறிவித்தால், அதை இணைந்த தொடராக ஏற்கலாமா என்ற விவாதம் அங்கே வருகிறது. இருவரும் ஒரே காலத்தவர். சந்தித்திருக்க வாய்ப்பும் உண்டு. அவர் குறை மறைக்கும் அறிவிப்பாளரும் அல்லர் என்றால் அதுவே போதும் என்பது 875இல் மறைந்த முஸ்லிம் இமாமின் கருத்து. சந்திப்பு, அதாவது ‘லிகா’, நிகழ்ந்தது உறுதிப்பட வேண்டும் என்பதே 870இல் மறைந்த புகாரி (ரஹ்) அவர்களின் நெறி என்று அறிஞர் பலர் கூறுவர். பலமுறை நடத்திய பாடந்தான். அன்று அவ்விடத்தில் என் விரல் நின்றுவிட்டது. கணினியும் பெட்டியும் ஒரே காலத்தவை. ஒரே வீட்டில் வாழ்பவை. அவை சந்தித்தனவா? விசாரியாமலே ஓர் அறிவிப்பாளரைக் குறைகூறியிருந்தேன்.

சுபுஹுக்குப் பின் நானே மகனை அழைத்தேன். கோபித்தது தவறு என்று சொல்ல வாய் எளிதில் வரவில்லை, சொன்னேன். அவன் சற்றுப் பேசாதிருந்து, “ரெண்டோட ஐ.பி. முகவரியையும் வாசிங்க வாப்பா” என்றான். கணினியினுடையது 192.168.1.5; பெட்டியினுடையது 192.168.0.7. “மூணாவது எண்ணப் பாருங்க. ரெண்டும் வேற வேற தெரு” என்றான்.

காரணம் விளங்கியது. மாடியில் இணைய நிறுவனத்தார் வைத்த ரௌட்டர் ஒன்று; கீழே அலை எட்டவில்லையென்று கோட்டாற்றுக் கடைத்தெருவில் நான் வாங்கிப் பொருத்திய ரௌட்டர் மற்றொன்று. இரண்டாவது ரௌட்டர் முதலாவதற்குக் கீழ்ப்படியாமல், தனக்கென ஒரு நெட்வொர்க்கை வகுத்துக்கொண்டது. மென்பொருள் ஒரு கருவியைத் தேடும்போது, இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவான 239.255.255.250 என்ற முகவரியில் ஓர் அழைப்பை விடுக்கிறது. கேட்ட கருவி ‘இதோ இருக்கிறேன்’ என்று விடையளிக்கிறது. ஒலிபெருக்கியில்லாத பாங்கு முஹல்லாவுக்குள் மட்டும் கேட்பதுபோல், அவ்வழைப்பும் தன் நெட்வொர்க்குக்குள் மட்டுமே கேட்கும். வெளியுலகுக்குச் செல்லும் வாசல் இரண்டுக்கும் திறந்திருந்ததால் வானொலி பாடியது. கைப்பேசி பெட்டியின் தெருவிலேயே இருந்ததால் அதைக் கண்டது. ஷார்ஜா வரை எட்டும் நெட்வொர்க்கில், மாடியிலிருந்து கீழ்த்தளத்திற்கு வழியில்லை!

மகன் நான்கைந்து திருத்தங்களை ஒரே மூச்சில் சொன்னான். எங்கள் இடலாக்குடியில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருசேரக் கவனத்தில் நிறுத்திக் காட்டியவர். அவர் பிறந்த ஊரில் பிறந்தும் நான் அவதானி அல்லன். “ஒண்ணொண்ணாச் சொல்லு மக்களே” என்றேன். ஒன்றை மாற்றுவது, விளைவைப் பார்ப்பது, குறித்துவைப்பது, பிறகே அடுத்தது என்று முடிவு செய்தோம்.

முதலில், இரண்டாவது ரௌட்டரை முகவரி வழங்காத ‘அக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினேன். பெட்டியை மீண்டும் ஏற்றியதும் 192.168.1.9 என்ற முகவரி பெற்றது. ஒரே தெரு! ஆயினும் பட்டியலில் பெயர் வரவில்லை. செய்தது வீண் என்று பழையபடி மாற்றக் கை பரபரத்தது. மகன் தடுத்தான். கணினியின் ஃபயர்வால், எங்கள் வீட்டு நெட்வொர்க்கைப் பொது இடமெனக் கருதிப் பெட்டியின் விடையை வாசலில் தடுத்திருந்தது. ‘தனிப்பட்ட’ நெட்வொர்க் என்று மாற்றி, ஃபயர்வாலை முழுவதும் அணைக்காமல் அந்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதி தந்தேன். பட்டியலில் பெட்டியின் பெயர் எழுந்தது. தொடரில் இரு கண்ணிகள் அறுந்திருந்தால், ஒன்றைச் செப்பனிட்ட பயன் மற்றதைச் செப்பனிடும்வரை தெரியாது என்பதை அன்று அறிந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நானும் மகனும் ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தோம்.

ரஜப் பதினான்காம் இரவு உம்மாவின் கட்டிலருகே வாப்பாவின் குரல் எழுந்தது. நாடாவின் இரைச்சலும் இருந்தது. அதை நீக்க எனக்கு மனமில்லை. ஒரு பாடல் முடிந்ததும் வாப்பா குரலைத் தாழ்த்தி, “அந்தக் கதவச் சாத்து மக்களே” என்றார்கள். “ஒன்னத்தான் சொல்றாங்க” என்றார்கள் உம்மா, கண்களை மூடியவாறே.

கைப்பேசியில் மகனை அழைத்து, ஸ்பீக்கரின் அருகில் பிடித்தேன். அவன் பிறக்கும் முன்பே பாட்டனார் மறைந்துவிட்டார்கள். அக்குரலை அவன் கேட்டதே இல்லை. பாட்டு முடியும்வரை மறுமுனையில் அரவமில்லை. பிறகு, “அடுத்ததையும் போடுங்க வாப்பா” என்றான்.

சந்திக்காத இருவருக்கிடையே செய்தி செல்ல வேண்டுமானால் இடையில் ஒருவர் வேண்டும் என்பது ஸனதின் விதி. இவ்விருவருக்கும் இடையாள் நான். இத்தனை காலம் அறுந்து கிடந்த கண்ணியும் நானே. அடுத்த பாட்டைப் போட்டேன்.