வெறும் பிஸ்கட்டுக்கு ஒரு துணை

புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் வீடு வீடாகச் செல்வது என் வேலை. கற்பிட்டி, பாலாவி, முந்தல், உடப்பு என்று எங்கே போனாலும், உட்கார்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் ஒரு தட்டு வந்துவிடும். முஸ்லிம் வீடோ, கத்தோலிக்க வீடோ, உடப்பு இந்து வீடோ, தட்டில் இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கிறீம் கிறேக்கர் பிஸ்கட். கொஞ்சம் வசதியிருந்தால் பக்கத்தில் வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணச் சீஸ் நான்கைந்தும் வாழைப்பழமும் இருக்கும். வசதியில்லாத வீட்டில் அந்தச் சீஸை வாங்கிவர ஒரு பிள்ளை பின்கதவால் கடைக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். "மிஸ், ஒண்டுமே எடுக்கல்லியே, சீஸோட சாப்பிடுங்க" என்று நிற்பார்கள். எடுக்காவிட்டால் மனம் நோகும். எடுத்தாலோ, கதவுச் சீலைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் கண் தட்டிலேயே இருக்கும். நான் ஒரு பிஸ்கட்டும் தேநீரும் எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொள்வேன்.

இதே பிஸ்கட்டை அதே வீட்டில் வேறொரு நேரத்திலும் காணலாம். விடியற்காலையில் கணவருக்கு ரொட்டியும் கறியும், பிள்ளைகளுக்குப் பாணும் பருப்பும் கொடுத்து அனுப்பிய பிறகு, வீட்டுப் பெண் அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிடுவது இரண்டு கிறீம் கிறேக்கரும் ஒரு பிளேன்டியும்தான். பட்டர் இல்லை, சீஸ் இல்லை, சம்பல்கூட இல்லை. அதன் பிறகு கருவாட்டு வாடிக்கோ வெங்காயத் தோட்டத்துக்கோ போய்விடுவார். மதியம் இரண்டு மணிக்குத்தான் சோறு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "பிஸ்கட் சாப்பிட்டேன்" என்பார்கள். சாப்பாட்டுக் கணக்கில் அதுவும் ஒரு வேளையாகிவிடுகிறது. கர்ப்பிணிப் பெண்களிடம் கேட்டாலும் இதே பதில்தான். அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

கிறீம் கிறேக்கர் ஒரு கெட்ட பொருள் அல்ல. 1885ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜேக்கப் நிறுவனத்தார் அதைச் செய்யத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் காலத்தில் எம்மிடம் வந்து, 1954இல் தொடங்கிய மலிபன் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் கையில் பட்டிதொட்டியெங்கும் போய்ச் சேர்ந்தது. பெயரில்தான் கிறீம் இருக்கிறது, பிஸ்கட்டில் இல்லை. கோதுமை மா, எண்ணெய், உப்பு, ஈஸ்ட் இவ்வளவுதான். மாவைப் புளிக்கவைத்து, மடித்து மடித்து உருட்டுவதால் உள்ளே ஏடு ஏடாக இருக்கும். காய்ச்சல்காரருக்கும் வாந்தி எடுக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் நிற்கிறது என்று கொடுக்கிறோம், அது சரியே. இனிப்போ வாசனையோ அதிகம் இல்லாததால் எதோடும் சேரும். பக்கத்தில் எதையாவது வைத்துச் சாப்பிடுவதற்கென்றே செய்யப்பட்ட பண்டம் இது. எங்கள் பெண்கள்தான் அதைத் தனியே சாப்பிடுகிறார்கள்.

சீஸும் இந்தக் கரைக்கு முற்றிலும் புதியதல்ல. கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் நாடு சீஸுக்குப் பேர்போனது. அவர்களின் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் நத்தார் காலையில் புரூடர் என்ற ஈஸ்ட் கேக்கை வெட்டி, பட்டர் தடவி, சிவப்பு மெழுகு பூசிய ஈடம் சீஸை மெல்லிய துண்டாக வைத்துச் சாப்பிடும் வழக்கம் இன்னும் உண்டு. முந்திரிகை வற்றல் போட்ட இனிப்புக் கேக்கோடு உப்புச் சீஸா என்று முகம் சுளிக்கலாம். ஒருமுறை சாப்பிட்டால் சுளிக்க மாட்டீர்கள். ஆனால் எங்கள் கிராமங்களுக்குச் சீஸ் வந்தது கோட்டை வழியாக அல்ல, வளைகுடா வழியாக. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் லீவில் வரும்போது பெட்டியில் சீஸ் போத்தல்களும் முக்கோணச் சீஸ் வட்டங்களும் கொண்டு வந்தார்கள். பிறகு கடைகளிலும் தொங்கியது.

அப்படிப் போய் வந்தவர்களில் ஒருவரிடம்தான் எதை எதோடு சாப்பிடுவது என்று நான் படித்தேன். பெயர் வேண்டாம், ராத்தா என்றே எழுதுகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கைப்பிள்ளையோடு புத்தளம் வந்து கிடுகுக் கொட்டிலில் இருந்தவர். சில ஆண்டுகள் கழித்துப் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வெளிநாடு போனார். பதினொரு வருடம் இரண்டு வீடுகளில் வேலை.

"ஒவ்வொரு நாளும் விடிய நான்தான் மிஸ் தட்டு அடுக்கினது" என்றார். வெள்ளைச் சீஸ், கட்டித் தயிர், ஒலிவ் காய், புதினா, கெக்கரிக்காய், அவித்த முட்டை, ரொட்டி. "உப்புச் சீஸெண்டா பக்கத்தில இனிப்பு ஒண்டு இருக்கோணும், ஈத்தம்பழம் வைக்கிற. கெக்கரிக்காய் வாயைக் கழுவிவிடும், அடுத்த துண்டு திரும்பப் புதுசா ருசிக்கும். பிஸ்கட்டெண்டா உப்பு, மசாலா போட்டது சரிவராது. சீஸ்லயே உப்புத்தானே, பிஸ்கட் வெறுமையாத்தான் இருக்கோணும்."

பெரிய ஹோட்டல் சமையற்காரர்கள் சொல்வதும் வேறொன்றுமில்லை. அவர் சொன்னதை எங்கள் கடைப் பொருள்களோடு நானும் வீட்டில் செய்து பார்த்தேன். கடினமான செடார் சீஸ் கிடைத்தால் அதற்கு விளாம்பழ ஜாம் ஏற்ற துணை. புளிப்பும் இனிப்புமாக இருக்கும் அந்த ஜாம் சீஸின் கொழுப்பை வெட்டுகிறது. மென்மையான முக்கோணச் சீஸுக்கு நன்றாகப் பழுத்த வாழைப்பழமோ அன்னாசித் துண்டோ போதும். சீனிச் சம்பலும் சீஸும் ஒரே பிஸ்கட்டில் சேர்ந்தால் பிள்ளைகள் தட்டை வழித்துவிடுவார்கள். தக்காளியும் மிளகுத்தூளும் எதோடும் போகும். நெத்தலிக் கருவாட்டுச் சம்பலோடு சீஸ் மட்டும் வேண்டாம், உப்புக்கு உப்பு. அந்தச் சம்பலுக்கு வெறும் பிஸ்கட்டே சரி. எலும்போடு தின்னும் நெத்தலியில் சீஸில் உள்ள அதே சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

முக்கோணச் சீஸைப் பற்றித் தாய்மார் அடிக்கடி கேட்பதால் இரண்டு வார்த்தை. அது சீஸை உருக்கி, எண்ணெய் பிரியாதிருக்கச் சில உப்புகள் சேர்த்து மறுபடி இறுகவைத்தது. 1911இல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்த முறை. வெயிலூரில் கெடாமல் இருப்பதற்கு நல்லது, ஆனால் உப்புக் கூட. வளர்ந்தவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னப் பிள்ளைக்கு "சத்து" என்று நாளுக்கு நான்கு கொடுக்கத் தேவையில்லை. இன்னொரு கேள்வி, ஹலாலா என்பது. பாலைத் திரைய வைக்கும் நொதியம் முன்பு கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுக்கிறார்கள். பக்கற்றின் விபரத்தைப் பார்த்து வாங்கலாம்.

வாங்குவதுதான் பிரச்சினை. 2022இல் 400 கிராம் பால்மா பக்கற் ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது எத்தனையோ வீடுகளில் பால் தேநீரே நின்றுபோனது. அந்த வீடுகளில் சீஸ் என்பது விருந்தாளிக்கு மட்டுமான பொருள். நான் அன்று ராத்தாவைப் பார்க்கப் போனதும் அவருக்காக அல்ல, அவருடைய மகளுக்காக. கொட்டிலுக்குக் கைப்பிள்ளையாக வந்த அதே மகள். ஏழு மாதக் கர்ப்பிணி, கிளினிக் கொப்பியில் இரத்தம் குறைவு என்று எழுதியிருந்தார்கள். கடலுக்குப் போகும் கணவருக்கு அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து சமைப்பவர், தான் சாப்பிடுவது இரண்டு பிஸ்கட். கிளினிக்கில் கொடுத்த திரிபோஷவும் வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிட்டது. 1973 முதல் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கென்று கொடுத்துவரும் மா அது. 750 கிராம் பக்கற்றைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருண்டை பிடித்தால் எங்கள் வீடுகளில் ஒரு மாலைப் பொழுதுக்குக் காணாது.

வீட்டுக்குள் உணவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று சமூகவியல் வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் ராத்தா தட்டுக் கதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பி, "பதினொரு வருஷம் மத்தவங்கட பிள்ளைகளுக்குத் தட்டு அடுக்கினேன். இவளுக்கு ஒரு நாளும் அடுக்கல்ல" என்று சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகள்தான் "அதுக்கென்னும்மா" என்று எழுந்து உள்ளே போனார்.

அடுத்த வாரம் ராத்தாவே ஆளனுப்பிக் கூப்பிட்டார். அங்கே வெள்ளைச் சீஸ் செய்யப் பழகியிருந்தவர், இங்கே அதைத் தேசிக்காயால் செய்து பார்த்திருக்கிறார். ஒரு லீற்றர் பசுப்பாலைப் பொங்கக் காய்ச்சி இறக்கி, இரண்டு தேசிக்காயின் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுவது. பால் திரைந்து தெளிந்த நீர் பிரிந்ததும் துப்புரவான துணியில் வடித்து, புளிப்புப் போகப் பச்சைத் தண்ணீரில் அலசி, அளவாக உப்புச் சேர்த்து, அம்மிக் குழவியை மேலே வைத்து ஒரு மணி நேரம் விடுவது. 150 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். வடித்த நீரை ரொட்டி மா குழைக்க எடுக்கலாம். நன்றாகக் காய்ச்சிய பால் என்பதால் கர்ப்பிணிகளும் பயமின்றிச் சாப்பிடலாம், ஹலால் கேள்வியும் எழாது. அதில் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் பொடியாக அரிந்து பிசைந்து, கிறீம் கிறேக்கரில் வைத்து, ஓரமாக ஓர் ஈத்தம்பழம். நான் சாப்பிட்ட சீஸ் எல்லாவற்றிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அதைச் செய்து காட்டினார். வந்த பெண்கள் பன்னிரண்டு பேர். தட்டு சுற்றி வந்தது, எல்லோரும் எடுத்தார்கள், ஒருவரும் சாப்பிடவில்லை. கைலேஞ்சியில், முந்தானை முடிச்சில், கைப்பையில் என்று எல்லாம் பிள்ளைகளுக்காக உள்ளே போய்விட்டன. ராத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "வெளிய எடுங்க எல்லாரும். இது உங்கட வாய்க்கு. பிள்ளைகளுக்கு நான் வேற வெச்சிருக்கேன்" என்று அதட்டினார். உண்மையில் வேறு வைத்திருக்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டும் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டும் சாப்பிட்டார்கள். கடைசியாகச் சாப்பிட்டவர் ஐந்து பிள்ளைகளின் தாய். மற்றவர்கள் எழும்பிய பிறகுதான் கைலேஞ்சியை அவிழ்த்தார்.

கிளினிக்கில் மருத்துவமாது ஒன்றைச் சேர்த்துச் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரையைச் சீஸோடும் பாலோடும் தேநீரோடும் எடுக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. மாத்திரைக்கும் இவற்றுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். சீஸ் இரத்தம் ஊறுவதற்கு மருந்தும் அல்ல, அதற்கு மாத்திரையும் கீரையும் மீனும் ஈரலும்தான். வெறும் மாவாக இருக்கும் காலைச் சாப்பாட்டில் கொஞ்சம் புரதம் சேர்கிறது, அவ்வளவே. பால் வாங்க முடியாத நாளில் அவித்த முட்டையும் அதே வேலையைச் செய்யும்.

ராத்தா இப்போது புதன்கிழமை மாலையில் பால் வாங்குகிறார். வீட்டில் பிரிட்ஜ் இல்லாததால் செய்த சீஸை இரவு பக்கத்து வீட்டில் வைக்கிறார். வியாழக்கிழமை கிளினிக் நாள். மகளின் பையில் இரண்டு டப்பாக்கள் போகின்றன, ஒன்றில் பிஸ்கட், மற்றதில் சீஸ். வீட்டிலேயே சேர்த்து வைத்தால் நம்பர் வரும்வரை காத்திருக்கிற நேரத்தில் பிஸ்கட் நமத்துப்போகிறதாம்.