நான்காவது கேசரி

கேசரி என்றால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நெய்யும் முந்திரியும் மணக்கும் தின்பண்டம். புராணம் படித்த பெரியவர்களுக்குச் சிங்கம். தேசபக்தர்களுக்கோ, 1881-ல் புனாவில் தோன்றிய திலகர் பெருமானின் பத்திரிகை. நான்காவது கேசரி ஒன்று உண்டு என்பதை விந்திய மலைச் சாரலுக்குப் போன பிறகே நான் நேரில் கண்டேன்.

காசி யாத்திரை செல்லும் நம்மவர்கள் ஜபல்பூருக்கு அப்பால் சத்னா என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது ரீவா. 1951-ல் பிடிபட்ட 'மோகன்' என்னும் வெள்ளைப் புலியால் பிரசித்தி பெற்ற சமஸ்தானத்து ஊர். நான் போனது தை மாதம். நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே சின்னஞ்சிறு நீலப் பூக்கள் கண்ணைக் கவர்ந்தன. அதுதான் கேசரிப் பருப்புச் செடி. நெல் அறுவடைக்கு முன்பே ஈர வயலில் விதையைத் தூவிவிட்டால் போதும். உழவு வேண்டாம், எரு வேண்டாம். மழை பொய்த்தாலும் விளையும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். ஏழைக்கென்றே பகவான் படைத்த பயிர் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் ஒரு கிராமத்து வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த கிழவரைக் கண்டதும் அந்த எண்ணம் மறைந்தது. பக்கத்தில் இரண்டு கோல்கள் கிடந்தன. அவர் எழுந்து நடந்தபோது முழங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. குதிகால் தரையில் படவேயில்லை.

"பாபா, இது விஷமென்று அப்போது தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாமல் என்ன? ஊரில் ஒற்றைக் கோலும் இரட்டைக் கோலுமாக எத்தனை பேர்! தவழ்கிறவர்களும் இருந்தார்கள். நான் கடனுக்காகப் பண்ணையாளாக இருந்தவன். கோதுமை எஜமானரின் களஞ்சியத்துக்குப் போகும். கூலியாக எனக்குக் கேசரியை அளந்து போடுவார்கள். வேண்டாமென்றால் அன்று அடுப்பு எரியாது" என்றார்.

இந்தக் கதை புதிதல்ல. தக்கர்களை ஒடுக்கிய ஸ்லீமன் துரை இதை எழுதி வைத்திருக்கிறார். சாகர் பிரதேசத்தில் 1829 முதல் மூன்று வருஷம் கோதுமை பாழாயிற்று. ஜனங்கள் கேசரியைத் தின்று உயிர் தரித்தார்கள். 1833-ல் வாலிபர்களின் கால்கள் விழத் தொடங்கின.

பருப்பில் உள்ள நஞ்சு இன்னதென்று 1964-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ராவ், அடிகா, சர்மா ஆகியோர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கொண்டு செல்லும் நரம்புகளை அது கெடுக்கிறது. எப்போதோ ஒரு கைப்பிடி தின்றவனுக்கு ஒன்றும் நேர்வதில்லை. மாதக் கணக்கில் அதையே பிரதான ஆகாரமாகக் கொண்டவனுக்குத்தான் ஆபத்து. முடங்கிய கால் பிறகு மீள்வதில்லை. அறிவும் ஆயுளும் மட்டும் குறையாமல் இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து நீரை இறுத்துவிட்டால் விஷத்தில் ஒரு பகுதி போகும். ஆயினும் பஞ்ச காலத்தில் விறகுக்கும் தண்ணீருக்கும் ஏழை எங்கே போவான்?

1961-ல் இதன் விற்பனைக்குச் சட்டம் தடை விதித்தது, பயிரிடுவது நிற்கவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. நஞ்சு குறைந்த 'ரத்தன்', 'பிரதீக்', 'மகாதியோரா' முதலிய விதைகளையும் நம் விஞ்ஞானிகள் உண்டாக்கியிருக்கிறார்கள். விதையும் வேண்டியதுதான், கூலியைப் பணமாகக் கொடுத்து, விரும்பியதை வாங்கி உண்ணும் உரிமை அதைவிட முக்கியம்.

நம் ஊர்க் கிருகிணிகளுக்கும் ஒரு வார்த்தை. துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் இதைக் கலந்து விற்பதுண்டு. துவரை உருண்டையாக இருக்கும். கேசரியோ ஒரு பக்கம் சரிந்து, கோடரி முனைபோல் சதுரித்திருக்கும். முறத்தில் இட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் விடைபெற்றபோது கிழவரின் பேரன் புத்தகப் பையுடன் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். "மெதுவாகப் போடா!" என்று அவர் அதட்டவில்லை. அவன் தெருக்கோடியில் திரும்பி மறையும் வரையில் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.