பெருமாநல்லூரிலிருந்து வையம்பாளையம் வரை

திருப்பூருக்கு வடக்கே, குண்டம் திருவிழாவால் பேர்பெற்ற ஊர் பெருமாநல்லூர். நாம் தேடிச் சென்றதோ அங்குள்ள உழவர் நினைவுத் தூணை. மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட உழவர்களில் மூவர், 1970-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இங்கே பலியாயினர். இன்று சுற்றிலும் பின்னலாடைத் தொழில் பெருகிவிட்டது. ஆயினும் ஆண்டுதோறும் அந்நாளில் உழவர்கள் இங்கே கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.

யூனிட்டுக்குச் சில பைசா உயர்ந்ததற்கா உயிரைக் கொடுப்பது என்று ஆற்றுப் பாசனத்தில் வாழும் நம் வாசகர் வியக்கக்கூடும். கொங்கு மண்ணை நேரில் காண்போர் வியக்கமாட்டார். தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் தடுத்துவிட, இந்நிலத்தின் பெரும்பகுதிக்குக் கிணறே கதி. பாறையைப் பிளந்து வெட்டிய கிணறுகளிலிருந்து முன்னாளில் எருது பூட்டிக் கவலை இறைத்தனர். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. காலப்போக்கில் கவலையின் இடத்தை மோட்டார் பிடித்தது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணறு ஆழமாயிற்று. மோட்டார் ஓடும் நேரம் நீண்டது. கிணறு வெட்ட வாங்கிய கடனும் வளர்ந்தது. விளைந்த பருத்திக்கு விலை சொல்பவர் வியாபாரி. மின்சாரத்துக்கு விலை சொல்வது அரசு. இடையில் அகப்பட்ட உழவர் தனித்தனியே மனுக் கொடுத்து என்ன பயன்?

அவர்களைச் சங்கமாகத் திரட்டியவர்களுள் தலையாயவர் வையம்பாளையத்து உழவரான சி. நாராயணசாமி நாயுடு. 1970 போராட்டத்தின் பின் அரசு ஒரு பைசா குறைத்தது. 1972-இல் கட்டணம் மீண்டும் ஏறிற்று.

அவினாசி வழியே கோவை நகருள் நுழைந்து மத்திய சிறையைக் கடக்கையில் அந்த ஆண்டு நம் நினைவுக்கு வந்தது. நகரத்துக்குப் பாலும் காய்கறியும் அனுப்புவதை உழவர் நிறுத்தினர். பின்னர் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் நகருள் புகுந்து, சிறைக்கு முன்னும் அலுவலகங்களுக்கு முன்னும் சாலைகளை அடைத்து நின்றன. ஒற்றை வண்டியாயிருந்தால் ஒரு காவலரே அதட்டி விரட்டியிருப்பார். ஜூலை 5-ஆம் நாள் மாநிலத்தின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15 உழவர் மாண்டனர். அதன் பிறகே உடன்பாடு ஏற்பட்டது. அந்நாளை உழவர் தினமாக விவசாயிகள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

சங்கத்தில் குறையே இல்லை என்று நாம் எழுத மாட்டோம். கிணறும் மோட்டாரும் உடையவரின் குரலே அங்கு உரக்க ஒலித்தது. அவர்கள் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவரின் குரல் அவ்வளவாக எழவில்லை. 1982-இல் சங்கத்தார் அரசியல் கட்சியும் கண்டனர். எல்லாக் கட்சிகளிடமும் கேட்கும் உரிமை பெற்றிருந்த சங்கம், தானும் ஒரு போட்டியாளராயிற்று. வாக்குகள் அவ்வளவாகச் சேரவில்லை. 1984 டிசம்பர் 21-ஆம் நாள், சொந்த ஊருக்கு வெகு தொலைவில், கோவில்பட்டியில் நாயுடு காலமானார். சங்கம் பின்னர் பல பிரிவுகளாயிற்று. சிறு உழவர்க்கு 1984-இலும் அனைத்து உழவர்க்கும் 1990-இலும் இலவச மின்சாரம் கிடைத்தது.

கோவைக்கு வடக்கே வையம்பாளையத்தில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. மண்டபத்தைப் பார்த்தபின் நாம் அன்னூர்ப் பக்கம் சென்றோம். மின்சாரத்துக்குக் கட்டணமில்லை, ஆனால் இப்பகுதியில் ஆயிரம் அடியையும் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. கட்டணம் நீங்கியதும் நிலத்தடி நீரை இறைப்பதில் அளவு போயிற்று என்பதையும் உழவர் நலம் நாடுவோர் சொல்லத்தான் வேண்டும்.

அதனாலேயே இவ்வட்டாரத்தார் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்தது அத்திக்கடவு–அவினாசித் திட்டம். ஊர்வலம், மனு, உண்ணாநோன்பு என எத்தனையோ நடந்தன. 2024 ஆகஸ்ட் 17-ஆம் நாள் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரிநீரைக் குழாய்களில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளில் நிரப்புவது அதன் நோக்கம். அந்தப் பட்டியலில் இடம்பெறாத குளங்களையும் சேர்க்கக் கோரி, உழவர்கள் அடுத்த மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டத் தொடங்கிவிட்டனர்.