கரகரப்புக்கு மருந்து

மார்கழிக் கச்சேரிகளைப் பற்றி விமரிசனம் எழுதுகிறவர்கள் நம் ஊரில் பலர். வித்துவானுடைய சாரீரத்தையும், பக்கவாத்தியத்தின் நயத்தையும், சபா சிற்றுண்டிச்சாலைக் காபியின் குணாகுணங்களையும்கூட அவர்கள் விடாமல் எடுத்துரைக்கிறார்கள். ஆனால், வீணையில் பொருத்திய பிக்-அப்பிலிருந்து புறப்பட்ட நாதம் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் செவிக்குக் கரகரப்பின்றி வந்து சேர்வதற்குக் காரணமானவர்களைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் அரியர். அப்படிக் காரணமான பழுதுபார்ப்பவர் ஒருவரை, ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு முற்பகலில், மயிலாப்பூர் மாடவீதிக்கு அப்பாலுள்ள சந்து ஒன்றில் சென்று கண்டேன்.

வால்வு ரேடியோக் காலத்திலேயே சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தவர் அவர். இப்போது எழுபதை எட்டிக்கொண்டிருக்கிறார். உதவிக்கு அவருடைய சகோதரி மகன் இருக்கிறான். மேஜையின் மீது அடையாற்றிலிருந்து வந்த எலெக்ட்ரிக் கிடார் ஒன்றும், தியாகராய நகர்ச் சபை ஒன்றின் ஆம்ப்ளிஃபயரும், வால்வு பொருத்திய பழைய கிடார் ஆம்ப் ஒன்றும் முறை காத்துக் கிடந்தன. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கிக் காட்டிய பிறகு, மேற்கத்திய வாத்தியம், நம் வாத்தியம் என்ற பேதமெல்லாம் இந்த மேஜைக்கு வந்தால் செல்லாது. குமிழைத் திருப்பினால் எழும் கரகரப்பு என்ற வியாதி எல்லாவற்றுக்கும் பொது.

அந்த வியாதியின் மூலத்தை அவர் ஒரு பழைய வால்யூம் கண்ட்ரோலைப் பிரித்தே காட்டினார். உள்ளே பிறை வடிவில் ஒரு கார்பன் தடம். அதன்மேல் உரசிச் செல்லும் உலோக விரல். கிடாரில் இதன் மின்தடை பெரும்பாலும் 250 அல்லது 500 கிலோ ஓம். தடத்தின்மேல் தூசி படிந்து, கடற்காற்றின் ஈரத்தில் உலோகமும் களிம்பேறிவிட்டால், விரல் நகரும்போது மின்தொடர்பு அறுந்து அறுந்து சேர்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதனைப் பன்மடங்கு பெரிதாக்க, ஸ்பீக்கர் உரைக்கிறது. கடலுக்கு அருகிலுள்ள வீடுகளிலிருந்து வரும் வாத்தியங்களில் இது சீக்கிரமே வந்துவிடுவதாக அவருடைய அனுபவம்.

மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆயினும் அவர் அதைத் தொடவில்லை. "சத்தம் எப்போ வருதுன்னு மொதல்ல கேட்டுக்கணும் சார். திருப்பினா வருதா, சும்மா இருந்தாலும் வருதா?" என்றார். சும்மா இருக்கும்போதே இரைந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. திருப்பும்போது மட்டும் வந்து, சுத்தம் செய்த பின்னரும் தீரவில்லையென்றால், கண்டென்சர் ஒன்று பழுதாகி, வரக்கூடாத நேர்மின்சாரம் தடத்தின்மேல் பாய்ந்துகொண்டிருக்கலாம். அதற்கு டப்பா டப்பாவாக அடித்தாலும் பயனில்லை. கண்டென்சரைத்தான் மாற்ற வேண்டும்.

எந்தத் திரவத்தை எதற்குப் பிரயோகிப்பது என்பதில்தான் இத்தொழிலின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. முற்றிலும் ஆவியாகி மறையும் வகை, ஜாக்குகளுக்கும் சாக்கெட்டுகளுக்கும் உகந்தது, அதையே கண்ட்ரோலுக்குள் செலுத்தினால் அழுக்கோடு கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், பிறகு குமிழ் வறண்டு திரும்பும், தடமும் தேயும். கண்ட்ரோலுக்கு வேண்டியது, சுத்தம் செய்துவிட்டு மெல்லிய வழுவழுப்பை விட்டுச் செல்லும் வகை. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்கென்று உருவான டபிள்யூ.டி-40-இன் சாதாரண டப்பாவை மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலிருந்து பலர் வாங்கி வருகிறார்களாம்; அது விட்டுச் செல்லும் எண்ணெய்ப் படலம் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். அதைத் தயாரிக்கும் நிறுவனமே கான்டாக்ட் கிளீனரையும் தனியே விற்கிறது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நிதானமாகப் படித்து வாங்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் எஞ்சியது பெரும்பாலும் நீர். 99 சதவீதமே மின்தொடர்புகளுக்கு ஏற்றது. தின்னரும் பெட்ரோலும் இந்த மேஜைக்கு வரவே கூடாது. அவை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

காலையில் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுவத்தி அணைந்த பிறகே அவர் டப்பாவை எடுத்தார். அதைப் பீய்ச்சும் வாயு பெரும்பாலும் தீப்பற்றக் கூடியது. சால்டரிங் அயர்ன் ஆறியிருந்தது, ஜன்னல்கள் திறந்திருந்தன. கிடாரின் பின்மூடியைக் கழற்றி, சுற்றிலும் துணியை விரித்தார். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய மரத்தின்மேல் ஒரு துளி சிந்தினாலும் மெருகு கெட்டுவிடும் என்பது அவர் கவலை. மெல்லிய குழாயைக் கண்ட்ரோலின் இடுக்கில் நுழைத்து ஒரே ஒரு பீய்ச்சல். பிறகு குமிழை இரு எல்லைகளுக்கும் பலமுறை திருப்பினார். ஈரம் உலரும்வரை பொறுத்திருந்தார். ஜாக்கில் செருகிச் சோதித்தபோது கரகரப்பு இல்லை.

வால்வு ஆம்ப்ளிஃபயரிடம் அவர் காட்டிய ஜாக்கிரதை இன்னும் அதிகம். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதன் பெரிய கண்டென்சர்களில் 300 முதல் 500 வோல்ட் வரை மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அது ஆளைக் கொல்ல வல்லது. ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே மருமகனை உள்ளே கைவைக்கச் சொன்னார். "மாமா, எத்தனையோ தடவை பார்த்தாச்சு" என்று பையன் முனகினான். "இன்னொரு தடவை பாரு" என்பதே பதிலாக வந்தது.

இத்தனை சிரத்தைக்கும் கிடைக்கிற கூலியோ சொற்பம். கண்ட்ரோலை மாற்றிப் பழையதைக் கையில் கொடுத்தால் பேசாமல் பணம் தருகிற வாடிக்கைக்காரர், மாற்றாமலே குணப்படுத்தினால், "ஸ்ப்ரேதானே அடிச்சீங்க?" என்று பேரம் பேசுகிறாராம். இதன் விளைவாக, நல்ல பாகத்தையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறவனுக்கு ஊரில் ஆதாயம். சுத்தம் செய்தே ஆயுளை நீட்டுகிறவனுக்கு நஷ்டம். இது அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, சபைக் காரியதரிசிகளுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மார்கழி பிறந்த பிறகு ஓடாமல், கார்த்திகைக்குள்ளேயே உங்கள் சாதனங்களை இத்தகையவரிடம் ஒப்படையுங்கள், எந்தக் குமிழ் எப்போது இரைகிறது என்பதை எழுதிக் கொடுங்கள், கூலியைக் கணக்கிடும்போது டப்பாவின் விலையைப் பாராமல், கோளாறைக் கண்டுபிடித்த செவிக்கும் கைக்கும் உரியதைக் கொடுங்கள்.