அப்பாவுக்கு ஊர் காட்டினேன்

வெளியூரில் படிக்கும் மாணவனுக்குத் தகப்பனார் வருகிறார் என்ற செய்தி ஒரு தேர்வு அறிவிப்புப் போன்றது. அறையைப் பெருக்க வேண்டும். தோய்க்காத துணிகளைக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டும். அறை நண்பனிடம் இரண்டு நாளைக்கு நாவடக்கம் கோர வேண்டும். நண்பர்களே, இவையெல்லாம் நீங்களும் அறிந்தவைதாம்.

சென்ற மார்கழியில் என் தந்தையார் வந்தபோது இத்தனையும் செய்தேன். அதற்கு மேலும் ஒரு படி போய், ஊர் காட்டுவதற்கு ஒரு திட்டமே தீட்டிக் காகிதத்தில் எழுதி வைத்தேன். அவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலைகளுக்கு இயந்திரப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர். பெருநகரத்தைக் கண்டு மிரண்டுவிடக் கூடாதே என்பது என் கவலை. ‘பெங்களூரில் கொஞ்ச நாள் இருந்தேன்’ என்று எப்போதோ ஒரு முறை சொன்னதுண்டு. கொஞ்ச நாள் என்றால் ஒரு வாரமோ பத்து நாளோ என்று நானாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடி - மைசூர் வண்டியில் காலையில் வந்து இறங்கினார். பையில் இரண்டு பொட்டலம் கடலைமிட்டாய். ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றதையும் நான் எடுக்கப்போனபோது, “அது இருக்கட்டும்” என்று பையை மூடிவிட்டார்.

முதல் நாள் என் திட்டப்படியே கழிந்தது. லால்பாக்கில் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டிய கதையை நான் விளக்கிக்கொண்டிருக்க, அவர் இரும்புத் தூணை விரலால் தட்டிப் பார்த்து, “நல்ல வேலை” என்றார். அவ்வளவுதான் லால்பாக். அடுத்தது அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் இது திறக்கப்பட்டதையும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் சொன்னேன். அப்பா வள்ளுவரை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். “நான் பார்த்தப்போ சாக்கு சுத்தித்தான் இருந்தார்” என்றார்.

அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரணம், என் மனத்தில் வேறொரு சங்கடம் ஓடிக்கொண்டிருந்தது. லேத் ஓடும் இரைச்சலில் பேசிப் பழகியதால் அப்பாவுக்கு உரத்த குரல். சிறிது நேரத்துக்கு முன், மெட்ரோ ரயிலில், தங்கை படிப்பைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதும் பெட்டி முழுவதும் கேட்டது. “கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா” என்றேன். “ஏன்?” என்றார். “சும்மாதான்” என்றேன். அந்தச் சும்மாவின் பொருளை இங்குள்ள தமிழ் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2016 செப்டம்பரில் இந்நகரில் பேருந்துகள் எரிந்த படங்களைப் பள்ளிப் பருவத்தில் பார்த்தவன் நான். இங்கு வந்த இரண்டாண்டுகளில் எவரும் என்னை ஒரு சொல் கடிந்து சொன்னதில்லை. ஆயினும் கூட்டத்தில் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு இறங்கும்வரை பேசவே இல்லை.

மறுநாள் விதான சௌதா என்று எழுதியிருந்தேன். “பீன்யா போவோம்” என்றார் அவர்.

“அங்கே பார்க்க என்னப்பா இருக்கு? எல்லாம் தொழிற்சாலைதான்.”

“அதான்.”

மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்தில் ஏறினோம். குவெம்பு பெயரில் ஒரு நிலையம். அதற்கடுத்து ராஜாஜி பெயரில் அமைந்த ராஜாஜிநகர். சந்தன சோப்பு ஆலை நிலையம் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்நாளில் பஸ்ஸில் இவ்வழியே போகும்போது சோப்பு மணம் ஜன்னல் வழியாக வருமாம். எந்த நாளில் என்று கேட்டேன். “எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூத்தொண்ணு வரைக்கும்” என்றார். கொஞ்ச நாள் என்பது மூன்றாண்டுகள்!

பீன்யாவைத் தென்கிழக்காசியாவிலேயே பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பக்கத்து ஜாலஹள்ளியில் 1950களில் எச்.எம்.டி.யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் வேரூன்றின. அத்தகைய பெரிய ஆலைகளுக்குச் சிறு பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் பெருகி, 1970களில் பேட்டை வளர்ந்தது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவும் இங்கே, சாதாரணத் தொழிற்கொட்டகைகளில், உடுப்பி இராமச்சந்திர ராவ் தலைமையில் உருவானதுதான். 360 கிலோ எடையுள்ள அது 1975 ஏப்ரல் 19இல் சோவியத் நாட்டிலிருந்து விண்ணேறியது. அது அனுப்பும் செய்திகளைப் பெறப் பெங்களூரில் இடம் போதாமல் ஒரு கழிப்பறையையே நிலையமாக்கினார்கள் என்பார்கள். இதை நான் அப்பாவுக்குச் சொல்ல நினைத்து வாயெடுத்தேன். “தெரியும், எங்க மேஸ்திரி தினம் ஒருக்காச் சொல்லுவார்” என்றார்.

அதன்பின் நான் பின்னால் நடந்தேன். அவர் முன்னால் நடந்தார். லாரிகளும் புழுதியும் வெட்டெண்ணெய் வாடையுமாக இருந்த குறுக்குத் தெருக்களில் அவர் கால்கள் தயங்கவே இல்லை. அவர் வேலை பார்த்த பட்டறை இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்கு. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. இன்னும் நடந்து ஒரு சந்தில் திரும்பியவர், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் முன் நின்றுவிட்டார். எதிரே ஒரு பெட்டிக்கடை. கடையிலிருந்த அம்மையாரிடம், “இல்லி ஹளே ஹெஞ்சின மனெ ஒந்து இத்தல்லா?” என்று கேட்டார். இங்கே பழைய ஓட்டு வீடு ஒன்று இருந்ததே என்பது அதன் பொருள். தட்டுத் தடுமாறாத கன்னடம்! இரண்டாண்டில் எனக்கு வந்திருப்பதோ, பஸ் நடத்துநரிடம் இறங்குமிடம் சொல்லும் அளவுதான்.

அஜ்ஜி இறந்து பல ஆண்டுகள் ஆயின. மகன் வீட்டை விற்றுவிட்டுத் துமகூரு பக்கம் போய்விட்டார். விலாசம் தெரியாது என்றார் அந்த அம்மையார்.

கடையோரக் கல்லில் உட்கார்ந்து அப்பா சொன்னார். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால ஆணையிட்டது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் நகரில் கலவரம் மூண்டது. அப்பாவும் இன்னும் மூன்று தமிழ் இளைஞர்களும் அந்த ஓட்டு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்கள். அஜ்ஜி நால்வரையும் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாராம். தெருவில் ஆட்கள் வந்து கேட்டபோதும் எழுந்திருக்கவில்லையாம். “‘இல்லி யாரூ இல்லா’ன்னு ஒரே பேச்சு. உள்ளே நாங்க மூச்சு விடலை. வெளியே காய் உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுது.” மூன்றாம் நாள் அவருடைய மகன் நால்வரையும் ஓசூர் போகும் லாரியில் ஏற்றிவிட்டார்.

“அந்த மாச வாடகை குடுக்கலை” என்றார் அப்பா.

ஏன் இத்தனை காலம் வரவில்லை என்று கேட்டேன். “மொதல்ல பயம். அப்புறம் கல்யாணம், பட்டறை, நீங்கள்லாம். அதுக்கப்புறம் வெக்கம்.”

ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அஜ்ஜிக்குக் கடலைமிட்டாய் வாங்கி வருவாராம். பையில் இருந்த பொட்டலத்தைக் கடைக்கார அம்மையாரிடமாவது கொடுத்துவிடலாமே என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். எனக்கு அது சரியாகவே பட்டது. சந்து முனையில் தள்ளுவண்டிக்காரன் அவரைக்காய் குவித்து வைத்திருந்தான். ஒரு கிலோ வாங்கிக்கொண்டார். கோவில்பட்டிவரை அதைச் சுமந்து போகப் போகிறாரே என்று நினைத்தேன்; சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். யஷ்வந்தபுரம் தாண்டியதும் அப்பா என் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லுங்கப்பா” என்றேன்.

“சோப்பு வாசம் வருதான்னு கேட்டேன்” என்றார், தம் இயல்பான குரலில். எதிரே நின்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். அடைத்த பெட்டிக்குள் எங்கே வரும்? மடியிலிருந்த அவரைக்காய்தான் மணத்தது.