இறங்கிக் கண்ட ஊர்

திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில், எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளி என்னும் எங்கள் ஊர் இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். முன்னாளில் மீனவர் படகுகளையே கண்டிருந்த இக்கரையில், 2013ஆம் ஆண்டு முதல் பெருந்துறைமுகம் ஒன்று இயங்கி வருகிறது. குன்றுகள் போன்ற கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவற்றிலிருந்து இரும்புப் பெட்டிகள் இறங்குகின்றன. வேறு பெட்டிகள் ஏறுகின்றன. அப்பெட்டிகள் உலகம் முழுவதும் சுற்றி வருகின்றன. ஆயினும், ஓர் ஊரையேனும் அவை கண்டதில்லை. இவ்வெண்ணம் எனக்குத் தோன்றிய இடம் எங்கள் ஊர்க் கரையன்று. கடல் கடந்த பினாங்கு நகரமாகும். அங்கே ஒரு நாள் அரைப்பொழுது நானும் அப்பெட்டிகளைப் போலவே ஊர் சுற்றினேன். அக்கதையை இங்கே கூறுகிறேன்.

2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சிங்கப்பூரில் வாழும் என் தமக்கையார் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அப்பொழுது அங்குப் பள்ளி விடுமுறை. தமக்கையாரின் மகன் உயர்நிலைப் பள்ளி மாணவன். “இவனை அழைத்துக்கொண்டு கப்பலில் சென்று வா, தம்பி” என்று கூறி, தமக்கையார் உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றில் எங்கள் இருவருக்கும் சீட்டு வாங்கித் தந்தார்.

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஊர் எனலாம். உண்ணும் கூடங்கள், உறங்கும் அறைகள், நீந்தும் குளம், ஆடல் பாடல் அரங்கு ஆகிய யாவும் அதனுள் உண்டு. பெரும்பாலும் இரவில் கடலில் செல்லும். பகலில் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் கரையிறங்கி, ஊரைக் கண்டு, குறித்த நேரத்திற்குள் திரும்பிவிட வேண்டும். குறித்த நேரம் கடந்து வருவோருக்காகக் கப்பல் காத்திராது. துறைமுகக் கட்டணமும், அடுத்த துறையை அடையவேண்டிய நேரமும் அதனை நெருக்கிக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்ட எங்கள் கப்பல், மலாக்கா நீரிணையின் வழியே வடக்கு நோக்கிச் சென்று, ஒருநாட் காலையில் பினாங்குத் தீவை அடைந்தது. தீவுக்கு எதிரே, நீருக்கு அப்பால் தெரிந்த பெருநிலத்தின் ஒரு பகுதி கெடா மாநிலம். பண்டைத் தமிழர் கடாரம் என்று அழைத்த நாடு அதுவே. தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுன். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிசு லைட் என்பவர் 1786ஆம் ஆண்டில் இத்தீவில் வந்திறங்கி இந்நகரை நிறுவினார். 2008ஆம் ஆண்டில் இதன் பழம்பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

கப்பல் நின்ற சுவெட்டன்ஹம் துறை, நகரின் நடுவிடத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. கரையில் இறங்கியதும் முதலில் எங்கள் கண்ணிற்பட்டது ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா அரசியார் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவை நினைவுகூரச் சீனச் செல்வர் ஒருவர் எழுப்பியது அது. ஆண்டுக்கு ஓர் அடியாக அதன் உயரம் 60 அடி. “மாலை நான்கு மணிக்குள் அனைவரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும், ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும்” என்பது கப்பல் தலைவரின் அறிவிப்பு. மணிக்கூண்டு அப்பொழுது ஒன்பதைக் காட்டியது. எங்களுக்கு இருந்தவை ஏழே மணி நேரம்.

இத்தகைய பயணிகளுக்கெனவே ஏற்பட்டதுதான் ‘ஏறி இறங்கும் பேருந்து’. அஃது இரண்டு அடுக்குகளை உடையது. மேலடுக்கின் ஒரு பகுதிக்குக் கூரை இல்லை. ஊரின் சிறப்பிடங்களை எல்லாம் தொட்டுச் சுற்றி வரும். ஒரு முறை சீட்டு வாங்கினால் போதும். விரும்பிய நிறுத்தத்தில் இறங்கலாம். விரும்பிய அளவு பார்க்கலாம். பின்னர் வரும் அடுத்த பேருந்தில் அதே சீட்டுடன் ஏறிக்கொள்ளலாம். நம் நாட்டிலும் இம்முறை அறியாத ஒன்றன்று. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே இவ்வாறு ஒரு பேருந்தை இயக்கியதுண்டு. பினாங்கில் அப்பொழுது இவ்வகைப் பேருந்துகள் இரு வழிகளில் ஓடின. ஒன்று நகர வழி, மற்றொன்று கடற்கரை வழி.

சீட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு பேராசை பிறந்தது. “இரண்டு வழிகளையும் முழுமையாகச் சுற்றிவிட வேண்டும், கொடுத்த பணத்திற்கு ஓர் இடத்தையும் விடலாகாது” என்று முடிவு செய்தேன். மேலடுக்கின் முன்வரிசையில் இடம் பிடித்தோம். காற்று முகத்தில் வீசியது. பேருந்து வீதி வீதியாகச் சென்றது. கோயில்கள் வந்தன, போயின. அங்காடிகள் வந்தன, போயின. மருமகன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் முகத்தைப் பார்ப்பான். நான், “அடுத்ததையும் பார்த்துவிடுவோம்” என்பேன்.

ஆயர் ஈத்தாம் என்னும் பகுதியில், மலைச்சரிவில் கெக் லோக் சி என்னும் பௌத்தக் கோயில் தெரிந்தது. அதன் ஏழடுக்குக் கோபுரம் 1930ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அக்கோபுரத்தின் அடிப்பகுதி சீன முறையிலும், நடுப்பகுதி தாய்லாந்து முறையிலும், முடிப்பகுதி பர்மிய முறையிலும் அமைந்தவை. மூன்று நாட்டுக் கலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அருமை அது. ஆனால் இதனை நான் பின்னர் நூலில் படித்தே அறிந்தேன். அன்று பேருந்திலிருந்து நான் கண்டது, ‘உயரமான ஒரு கோபுரம்’ என்பது மட்டுமே.

நகர வழி முடிந்தது. கடற்கரை வழிப் பேருந்தில் மாறி ஏறினோம். பத்து பெரிங்கி கடற்கரை வரை சென்று மீண்டோம். வீதிகளில் வண்டிகள் நெருங்கியிருந்தமையால் பொழுது விரைந்து கழிந்தது. மீண்டும் நகருக்குள் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். என் கைப்பேசியில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன. அவற்றுள் பலவற்றில், இஃது எந்த இடம் என்பதே எனக்கு விளங்கவில்லை.

அப்பொழுது மருமகன் மெல்லக் கேட்டான்: “மாமா, இது ஏறி இறங்கும் பேருந்துதானே? நாம் ஏறிக்கொண்டே இருக்கிறோம், எப்பொழுது இறங்குவோம்?”

சிறுவன் பணிவாகத்தான் கேட்டான். ஆயினும் எனக்கு நாணமாக இருந்தது. நுனிப்புல் மேய்ந்தே அரைநாளைக் கழித்துவிட்டேன் அல்லவா? அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினோம்.

அது சூலியா தெருவுக்கு அருகில் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்று அங்குக் குடியேறிய தமிழ் முஸ்லிம் மக்களைக் குறித்த பெயரே சூலியா என்பது. அங்கிருந்து சிறிது நடந்தோம். 1801ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர் வழிபடும் குவான் யின் கோயில், 1818ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகிய மூன்றும் ஒரே வீதியில் நிற்கின்றன. அடுத்த தெருவில், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மாரியம்மன் கோயிலின் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. பல சமயத்தாரும் கூப்பிடு தொலைவில் கூடி வாழ்வதை நடந்து சென்றதனாலேயே உணர்ந்தோம். ஆனால் உச்சிப்பொழுது கடந்துவிட்டமையால் மாரியம்மன் கோயில் நடை சாத்தியிருந்தது. வீதியில் நின்றே வணங்கினோம். காலையிலேயே இறங்கியிருந்தால் உள்ளே சென்றிருக்கலாம்.

வெயிலுக்கு ஒதுங்க ஒரு துணிக்கடையில் நுழைந்தோம். கடைக்காரர் முதிய தமிழ் முஸ்லிம் அன்பர். எங்கள் தமிழைக் கேட்டதும் இருக்கை தந்து அமரச் செய்தார். அடுக்கி வைத்திருந்த கட்டம் போட்ட கைலி ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

“இதற்கு இங்கே என்ன பெயர், ஐயா?”

“மலாய் மொழியில் ‘காயின் பெலிக்காட்’ என்பார்கள், தம்பி. காயின் என்றால் துணி. மலாய்க்காரர் வீடுகளில் இத்துணி இல்லாத வீடு அரிது.”

“பெலிக்காட் என்றால் என்ன பொருள்?”

பெரியவர் என்னை வியப்புடன் நோக்கினார். “தாங்கள் எந்த ஊர்?” என்று கேட்டார்.

“சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “பழவேற்காட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்து என்னிடமா கேட்கிறீர்கள்! பழவேற்காட்டை வெள்ளைக்காரர் ‘புலிக்காட்’ என்றார்கள். அந்த ஊர்த் துணி, ‘பெலிக்காட்’ துணி ஆயிற்று. அங்கிருந்து இந்தப் பக்கத்திற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே துணி வந்திருக்கிறது. அந்த ஊரில் டச்சுக்காரர் கோட்டை கட்டியிருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதன் அடையாளம் ஏதேனும் இன்னும் இருக்கிறதா, தம்பி?”

நான் வாய்பேசாது நின்றேன். பழவேற்காடு எங்கள் ஊருக்கு வடக்கே, சிறிது தொலைவிலேயே உள்ளது. பொன்னேரியில் அவ்வூர்ப் பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் பேருந்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஒரு முறையேனும் அதில் ஏறிச் சென்றதில்லை. “தெரியாது, ஐயா” என்று சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது. கடல் கடந்து வாழும் பெரியவர் அறிந்த அளவுகூட என் அண்டை ஊரை நான் அறியவில்லை. பெரியவர் என்னைக் குறைகூறவில்லை. “சென்று பாருங்கள், பார்த்தால் எனக்காகவும் பார்த்ததாகும்” என்றார்.

பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. மருமகன் கடிகாரத்தைக் காட்டினான். மணி மூன்று இருபது! கைலி ஒன்றை வாங்கிக்கொண்டு நிறுத்தத்திற்கு விரைந்தோம். பத்து நிமிடம் காத்திருந்தும் பேருந்து வரவில்லை. வீதியின் நெருக்கடியை அறிந்தும் நேரத்தை ஒதுக்காது விட்டது என் பிழையே. “நடந்தே போய்விடலாம், மாமா” என்றான் மருமகன். வெயிலில் ஓட்டமும் நடையுமாகச் சென்றோம். என் நெஞ்சு படபடத்தது. கப்பல் போய்விட்டால் தமக்கையாருக்கு என்ன விடை சொல்வேன்? கடவுச் சீட்டு ஒன்றைத் தவிர எங்கள் உடைமைகள் யாவும் கப்பலில் அல்லவா இருந்தன! மணிக்கூண்டு கண்ணில் பட்டபோது மூன்று ஐம்பது. கப்பலின் வாயிலை மிதித்தபோது நான்கிற்கு ஐந்து நிமிடமே இருந்தது.

அன்றிரவு கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். நான்கே முக்கால் மணி நேரம் பேருந்தில் சுற்றியதில் என் நினைவில் தங்கியது மிகச் சிறிது. இறங்கி நடந்த ஒன்றரை மணி நேரமோ, நெஞ்சில் அழியாது பதிந்துவிட்டது. பேருந்தின் மேல் பிழை இல்லை. எங்கும் இறங்கலாம் என்ற உரிமையை அது தந்தது. அவ்வுரிமையை நான் பயன்படுத்தவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரி சென்று, பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறினேன். பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்துறையிலிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவிற்குச் சென்றன. அத்துணிகளுக்கு மாற்றாகக் கீழைத் தீவுகளின் நறும்பொருள்கள் பெறப்பட்டன. இவ்வணிகத்தை நாடியே டச்சுக்காரர் இங்கு வந்தனர். 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690ஆம் ஆண்டில் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும் சில சிதைவுகளுமே காணப்படுகின்றன. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் மட்டும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் வாயிலில், எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு இருபுறமும் நிற்கின்றன. அப்பால் பரந்து கிடக்கிறது பழவேற்காட்டு ஏரி. சில்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உப்பங்கழி அது.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர், “எந்த ஊர், தம்பி?” என்று கேட்டார். “காட்டுப்பள்ளி” என்றேன். “பக்கத்து ஊர்தானே! முதன்முறையாக வருவதுபோல் பார்க்கிறீர்களே?” என்றார். “ஆம், ஐயா! முதன்முறையாகத்தான் வருகிறேன், பினாங்கு வழியாக வந்தேன்” என்றேன். அவருக்கு அது விளங்கியிராது.

மாணவர்களே! 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. உங்களுள் சிலர் நாளை அத்தகைய கப்பலில் செல்லலாம். அயல்நாட்டார் நம் கரையில் வந்து இறங்கவும் செய்யலாம். செல்லும்போது ஓரிடத்திலேனும் இறங்கி நில்லுங்கள். திரும்பும் நேரத்தையும் மறவாதீர்கள். வருகின்றவர் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால், என்னைப் போல் வாய்பேசாது நிற்காதீர்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் விடுமுறையில் மருமகன் எங்கள் இல்லத்திற்கு வந்தான். பல ஊர்களுக்கு அழைத்துச் செல்வேன் என்று அவன் எதிர்பார்த்தான். நானோ பழவேற்காடு ஒன்றிற்கே அழைத்துச் சென்றேன். கல்லறைக் கற்களைத் தடவிப் பார்த்தோம். ஏரிக்கரையில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். தொலைவில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. பொழுது சாய்ந்தது.

“மாமா, நேரமாகவில்லையா?” என்று கேட்டான்.

“இங்கே நமக்காக எந்தக் கப்பலும் புறப்படப் போவதில்லை, இன்னும் சற்றுப் பார்ப்போம்” என்றேன்.